நகல் எடுக்க முடியாத சாவி

ஆரணியில் எந்த வீட்டிலாவது பூட்டு உடையாமல் பொருள் காணாமல் போனால், ஏட்டு முதலில் என் கடைக்குத்தான் வருவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘நகல் சாவி செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். டீ வாங்கித் தருவேன். குடித்துவிட்டு, போன மாதம் யார் யாருக்குச் சாவி போட்டாய் என்று கேட்பார். திருட வருகிறவன் தொழிலைச் சொல்லிவிட்டுச் சாவி கேட்பதில்லை என்பேன். இதே பேச்சை வருஷத்துக்கு நான்கைந்து தரம் பேசினோம். எனக்கு அசிங்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில், நானே நினைத்தாலும் நகல் எடுக்க முடியாத ஒரு பூட்டைச் செய்ய உட்கார்ந்தேன். எனக்கு மூளை அதிகம் என்று சிலர் சொன்னார்கள். டீச் செலவு அதிகம் என்பதுதான் விஷயம்.

ஒரு சாவி ஐந்து நிமிஷம் கையில் கிடைத்தால் போதும், சோப்பில் அழுத்தி அச்சு எடுத்துவிடலாம். மேடும் பள்ளமும் அப்படியே பதியும். மிச்சம் அரத்தின் வேலை. ஆகவே சோப்பில் பதியாத ஏதாவது ஒன்று சாவியில் இருக்க வேண்டும். பல மாதம் இரும்பை வீணடித்த பிறகு, சாவியில் ஒரு துளை போட்டு, அதற்குள் சைக்கிள் சக்கரத்தின் பால்ரஸ் குண்டு ஒன்றை, இருபக்கமும் லேசாக அசையும்படி, ஆனால் கழன்று விழாதபடி அடைத்தேன். சாவி உள்ளே போனதும் பூட்டிலுள்ள ஒரு மேடு அந்த பால்ரஸை மறுபக்கம் தள்ளும். தள்ளினால்தான் பூட்டு திறக்கும். சோப்பில் அழுத்தினால் பால்ரஸ் உள்ளே பதுங்கிக்கொள்ளும். அது எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பது மயிரிழை அளவு. அந்த அளவை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரு பூட்டுக்கு இரண்டே சாவி. இரண்டும் தொலைந்தால் பீரோவை உடைத்துக்கொள்ளுங்கள் என்று விற்கும்போதே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டதும் முகம் மலர்ந்து வாங்கினார்கள்.

முதலில் வாங்கியவர் சேவூரில் ஒரு முதலாளி. சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்களுக்குத் தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். ஜரிகை பீரோவுக்கு என் பூட்டு. ஒரு சாவி பேங்க் லாக்கரில், இன்னொன்று அவர் அரைஞாண் கயிற்றில். இரண்டாவது வாரமே பூட்டு திறக்கவில்லை என்று ஓடி வந்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததில், நல்லெண்ணெயும் சீயக்காயும் துளைக்குள் புகுந்து பால்ரஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கொடுத்து, இனி குளிக்கும்போது கழற்றி வையுங்கள் என்றேன். அதுவரை எந்தச் சாவியையும் அவர் உடம்பை விட்டுக் கழற்றியதில்லை.

அவர் சொல்லிச் சொல்லியே இன்னும் பதினோரு வீடுகள் வாங்கின. ஏட்டு வருவது நின்றுபோனது. நாலு வருஷம் நான் மனுஷனாக நடமாடினேன்.

பிறகு அந்தச் சேவூர் பீரோவிலேயே ஜரிகை குறைந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஏட்டு என்னை முதலாளி வீட்டுக்கு அழைத்துப் போனார். பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். நகல் சாவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே ஒரு கீறலாவது விடும். இதில் ஒன்றுமில்லை. சொந்தச் சாவிதான் திறந்திருக்கிறது. இதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன், சாவியை எப்போதாவது கழற்றுவீர்களா என்று முதலாளியைக் கேட்டேன்.

“நீங்கதான சொன்னீங்க? சனிக்கெழம எண்ண தேச்சிகினு உக்காந்துகினு இருக்கறப்ப மட்டும் கழட்டி ஆணில மாட்டுவேன்.”

சொல்லி முடித்ததும் அவரே அந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஏட்டு கேட்டார். சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். அந்த அம்மாவின் தம்பிக்கு முள்ளிப்பட்டில் இரண்டு தறி. ஒரு சீமந்தப் பந்தியில் தன்னைச் சரியாகக் கூப்பிடவில்லை என்ற தகராறில், முதலாளி அவனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. இது சேவூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“அத்த உடுங்க. நீங்க சொல்லுங்க. இந்தச் சாவிய காபி எடுக்க முடியுமா, முடியாதா?”

அவர் கண் எந்தப் பதிலைக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது. முடியாது என்றால் என் பூட்டு பிழைக்கும். அந்த அம்மாவை ஏட்டு விசாரிப்பார்.

“முடியும்” என்றேன்.

“யாரால?” என்றார் ஏட்டு.

“என்னால.”

அது பொய். இரண்டு தரம் முயன்று இரண்டு தரமும் தோற்றிருக்கிறேன். சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, ஜரிகை பாவு மூட்டைக்கு அடியில் கிடைத்துவிட்டது, எண்ணியதில் தப்பு என்று சொன்னார். ஏட்டு நம்பவில்லை. ஆனால் புகார் கொடுத்தவரே வேண்டாம் என்றதால் என்னைப் போகச் சொன்னார்.

ஜரிகை கிடைத்த செய்தி சேவூரோடு நின்றுவிட்டது. நான் ‘என்னால முடியும்’ என்று சொன்னது மட்டும் ஊரெல்லாம் போனது. பதினோரு வீட்டாரும் ஒவ்வொருவராகப் பூட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு முதலாளி மேல் சரியான ஆத்திரம். அந்த அம்மா மேல் ஏனோ வரவில்லை.

ஒரு மாதம் கழித்து முதலாளி கடைக்கு வந்து சாதாரணப் பூட்டு ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கூட வந்த இரண்டு சாவிகளில் ஒன்றைத் தன் கயிற்றில் கோத்துக்கொண்டார். மற்றதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஊட்ல அவளாண்ட இருக்கட்டும். மச்சானுக்கும் போன வாரம் பாவு குடுத்துட்டேன்.”

நல்லது என்றேன். படி இறங்கியவர் நின்று, “உங்க பூட்டு நல்ல பூட்டுங்க” என்றார். அப்போது கடையில் வேறு யாரும் இல்லை.