விளையாட்டு அரசின் நாற்பதாவது தாள்

மாலை நான்கு பத்துக்கு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. அலுவலக மேசையில் இருந்தபடியே முதல் படத்தைத் திறந்தேன். ஓர் அரசாணை. 'சுருக்கம்: கடற்கரைச் சாலையோர மீன் விற்பனைக் கடைகளை அகற்றுதல் – ஆணை வெளியிடப்படுகிறது.' கீழே பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: "இனிமே மீனுக்கு எங்க போறது? எல்லாருக்கும் அனுப்புங்க."

ஆணை வரைவுகளைத் திருத்துவதுதான் இருபத்து மூன்று ஆண்டுகளாக என் வேலை. இது போலி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதன் முதல் பக்கத்தைச் செப்பனிட்டவளே நான்தான்.

என் மகள் அடையாறில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணினி விளையாட்டுகளை வடிவமைக்கிறாள். அப்போது செய்துகொண்டிருந்த விளையாட்டில், ஆடுபவர் ஒரு கற்பனைத் துறைமுக நகரத்தை ஆள வேண்டும். முதல் வடிவத்தை மயிலாப்பூர் வீட்டில் எனக்குக் காட்டினாள். ஒரு பொத்தானை அழுத்தினால் சட்டம் வந்துவிட்டது. மறு நொடியில் நகரமே மாறிவிட்டது.

"சட்டம்னா என்ன, லிஃப்ட் பட்டனா?" என்று சிரித்தேன்.

"அப்ப நீயே சொல்லும்மா, எப்படி வரும்?"

சொன்னேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. மசோதாவை அவையில் வைப்பதற்கு முன்பே கோப்பு எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும், நிதித்துறை ஒரு கேள்வி போட்டுத் திருப்பினால் என்ன ஆகும், கூட்டணிக் கட்சியின் நான்கு உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நாளில் மட்டும் ஏன் காய்ச்சலில் படுக்கிறார்கள், சட்டம் நிறைவேறிய பிறகும் விதிகள் எழுதப்படாமல் அது எப்படி வெறும் தாளாகக் கிடக்கும் – எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"கோப்பு இத்தனை தடவை திரும்பி வந்தா, ஆடறவங்க கேமை மூடிட்டுப் போயிடுவாங்கம்மா."

"நாங்க மூடாம உக்காந்திருக்கோமே!"

கணினியில் ஏற்றுவதற்கு முன், தாளில் ஆடிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அதற்காக நாற்பது ஆணைகள் எழுதினாள். அசல் போலவே இருக்க வேண்டும் என்று என்னிடம் திருத்தக் கொடுத்தாள். நான் பார்த்தது வடிவத்தை மட்டும்: சுருக்கம், பார்வை, ஆணை, ஆளுநரின் ஆணைப்படி. பின்பக்கத்து நிபந்தனைகளைப் படிக்கவில்லை. அலுவலகத்திலும் எனக்கு அதே பழக்கம்தான். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'விளையாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். "எந்த ஆணையில இப்படி இருக்கும்? பார்க்கவே நல்லால்ல" என்று நாற்பதிலும் சிவப்பு மையால் அடித்தேன்; அவளும் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சிட்டாள்.

அந்த ஒரு வரி இருந்திருந்தால், இந்தப் படத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மகளை அழைத்தேன். அன்றுதான் முதல் முறையாக வெளியாட்களை வைத்து ஆடிப் பார்க்கும் நாள். கைபேசியை அணைத்து வைத்திருந்தாள். சேப்பாக்கம் அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

கலங்கரை விளக்கம் தாண்டுவதற்குள் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார். "குப்பத்தாண்ட கூட்டம் கீதும்மா. சுத்திக்கினு போலாமா?"

"என்ன கூட்டம்?"

"மீன்கட எல்லாத்தையும் தூக்கப் போறாங்களாம். கவர்மெண்டு லெட்டரே வந்துகீது. எவன் எழுதினான்னு தெரிஞ்சா அவ்ளோதான்."

"சுத்தியே போங்க" என்றேன். கண்ணில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: அரசாணையைப் போலியாகத் தயாரித்ததாக வழக்கு, அதில் என் மகளின் பெயர். இருபத்து நான்கு வயது. கடவுச்சீட்டு, வேலை, கல்யாணம் என்று மனம் ஒவ்வொன்றாக இழந்துகொண்டே வந்தது.

அவள் அலுவலகம் ஒரு பழைய வீட்டின் மாடி. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "அம்மா, உன் நிதித்துறை சூப்பர்! ஒருத்தர் கடுப்பாகிக் கோப்பைத் தூக்கிப் போட்டுட்டார்!" கைபேசியை அவள் முகத்தருகே நீட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே போய், நகலெடுக்கக் கொண்டுபோன தாள்களை எண்ணினாள். முப்பத்தொன்பது. காலையில் தியாகராய நகர் ஜெராக்ஸ் கடையில், இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே ஒன்றை விட்டு வந்திருக்கிறாள். வரிசையில் அடுத்து நின்ற யாரோ அதைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

"முதல்ல ஒரு வக்கீலப் பாப்போம். யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே" என்றேன்.

"தப்பா போன ஆணைய ரத்து பண்ண எத்தன நாள் ஆகும்னு சொன்னே?"

"திரும்பவும் அத்தன மேசையும் ஏறி இறங்கணும். மூணு வாரம்."

"அங்க கூட்டம் கூடிடுச்சும்மா. மூணு வாரமெல்லாம் கிடையாது."

முப்பத்தொன்பது தாள்களையும் தரையில் பரப்பிப் படம் எடுத்தாள். 'இது ஒரு விளையாட்டுக்காக எழுதியது. எழுதியது நான்தான். கடை எதுவும் போகாது. தாளைத் தொலைத்தது என் தப்பு. மன்னியுங்கள். கேட்க வேண்டியவர்கள் இங்கே வரலாம்' என்று அலுவலக முகவரியோடு எழுதி, ஓட்டுநரின் எண் வழியாகக் குப்பத்துக்கு அனுப்பச் சொன்னாள். நல்ல வேளை, ஆட்டோ கட்டணத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்ததால் அவர் எண் என்னிடம் இருந்தது. முகவரியை மட்டுமாவது எடுத்துவிடு என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. அப்படியே அனுப்பினேன். என் கையெழுத்து எந்த ஆணையிலும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எப்போதும் வரைவு எழுதுபவள். பொறுப்பு வேறு யாரோ ஏற்பார்கள்.

காத்திருந்தோம். ஆட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவள் தாள்களை வரிசைப்படி அடுக்கினாள். பிறகு கலைத்து மறுபடியும் அடுக்கினாள். தெருவில் நின்ற ஒவ்வொரு வண்டியின் சத்தத்துக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

ஆறே கால் மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். ஐம்பது வயதிருக்கும், ஒரு பெண் தனியாக ஏறி வந்தாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள். கையில் கைபேசி.

"யாரும்மா அது, எங்க கடைய தூக்கச் சொன்னது?"

நான் குறுக்கே போய் நின்றேன். மகள் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். "நான்தான்க்கா. மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நான் யாரோ பெரிய ஆபிசருன்னு வந்தேன். இன்னா கண்ணு, அழுதுகினு கீற?"

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கூட்டமெல்லாம் கலைஞ்சி பூட்ச்சு. உன் பொண்ணு மெசேஜு வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்டேன், இது டூப்புன்னு. எல்லாரும் மொத படத்த மட்டும் பாத்துட்டுக் கத்திக்கினு இருந்தாங்க. ரெண்டாவது படத்த என் மருமவ படிச்சிக் காட்டுனா. புது எடத்துல மொதல்ல ஐஸ் ரூமு, தண்ணி கொழா, பொம்பளைங்களுக்குக் கக்கூஸ், கூடையோட ஏற பஸ்ஸு. எல்லாம் கட்டி முடிச்சி, நாங்க பாத்து சரின்னு சொன்ன அப்பாலதான் கடைய எடுப்பாங்களாம். எந்த கவர்மெண்டும்மா இப்டி எழுதும்?"

நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவது படத்தை முதல் முறையாகத் திறந்தேன். அந்த அம்மாள் மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நெசமாவே இப்டி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினு வா கண்ணு. யாரும் தூக்க வேணாம், நாங்களே கூடைய தூக்கிக்கினு போறோம்."