மிதிகட்டைக்கு ஒரு தோலுறை

என் தோல்வேலைக் கருவிகளில் கடையில் வாங்கியது எதுவும் இல்லை. தையல் துளைகளுக்கு அடையாளம் வைப்பது, வளைவை நிமிர்த்தி அரத்தால் கூராக்கிய ஒரு முள்கரண்டி. துளை போடும் குத்தூசி, சைக்கிள் சக்கரக் கம்பியின் ஒரு துண்டு. அதன் கைப்பிடி உடைந்துபோன ஸ்க்ரூடிரைவருடையது. கத்தி, சாணை பிடித்த, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடு. விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கப் பழைய டூத்பிரஷ்ஷின் பிடி. கூர்முனைகளில் ரப்பர் செருகி, எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் வரிசையாக வைத்திருக்கிறேன். கட்டட வரைபடம் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், ராணிப்பேட்டையில் எடைக்குக் கிடைக்கும் துண்டுத் தோலில் சாவிப்பை, கண்ணாடிக்கூடு என்று எதையாவது தைப்பேன்.

போன மழைக்காலத்தில், சர்க்கரை நோயால் அக்கா கணவரின் வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அவர் நெசவாளி. புண் ஆறியபின், தறியில் உட்காரலாம், ஆனால் தழும்பு வெறும் மரத்தில் உராயவே கூடாது என்றார் மருத்துவர். தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்காமல் நெசவு கிடையாது. காலுறை போட்டுப் பார்த்தார், வழுக்கியது. ரப்பர் செருப்போடு மிதித்துப் பார்த்தார். கட்டை எவ்வளவு இறங்கியது என்று காலுக்குத் தெரியவில்லை.

தறியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நின்றது. முகூர்த்தம் நெருங்குகிறது, வேறு ஆளை உட்கார வைக்கட்டுமா என்று பாவு நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி கேட்டனுப்பியிருந்தார். குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்துச் சேர்க்கும் அடி ஆளுக்கு ஆள் மாறும். பாதியில் கை மாறினால், மாறிய இடம் சேலையில் ஒரு கோடாகத் தெரியும். தான் ஆரம்பித்ததில் இன்னொருவர் கை விழுவது மாமாவுக்கு ஆகவில்லை. முதலாளி அனுப்பிய ஆளை, யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பியனுப்பினார்.

அக்காதான் என்னைக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கிழம ஆனா தோலும் கையுமா உக்காந்துக்கினு இருக்கியே, உங்க மாமா கால்ல போட ஒண்ணு தெச்சிக் குடேன்பா. எனக்கு மூணு சாவிப்பை குடுத்துட்ட. இந்த வீட்டுக்கு இருக்கறதே ஒரு சாவி.”

மாமா தலையை ஆட்டினார். “தறிக்குழிக்குள்ள தோலா? தோல் செருப்ப வாசல்லயே விட்டுட்டு வரோம்.”

“கோயில்ல மேளத்த என்ன தகரத்துலயா கட்றாங்க?” என்றாள் அக்கா. “சாமி முன்னாடி அடிக்கறதுக்கு ஆவும், நீங்க மிதிக்கறதுக்கு மட்டும் ஆவாதா?”

மாமா காலை நீட்டினார். தாளில் பாதத்தை வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிவர வரைந்துகொண்டேன். பாதத்தின் முன்பகுதியை மட்டும் மூடி, கணுக்காலில் வாரால் கட்டுகிற உறை. கட்டை காலுக்குத் தெரியும்படி மெல்லிய ஆட்டுத்தோல்.

முள்கரண்டியில் அடையாளம் வைத்தால் துளைகள் ஒரே இடைவெளியில் விழாது. பற்களை எவ்வளவு நிமிர்த்தினாலும் ஒன்று சற்று விலகியே நிற்கும். சாவிப்பைக்கு அது போதும். இதற்கு வேண்டாம் என்று நினைத்தேன். மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய அச்சு கிடந்தது. பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, எஃகுப் பற்கள் கொண்ட நீளமான சீப்பு அது. அதில் ஒரு துண்டை வெட்டி, நனைத்த தோலில் அழுத்தினேன். வரைபடத்தாளில் கூட அப்படிச் சீரான கோடு விழாது. இரண்டு பல்லுக்கு ஒரு துளை போட்டுத் தைத்தேன். நெசவுக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு நெருக்கம்தான் உறுதி. துணியைப் பாராட்டினால் “நெருக்கமா இருக்குது” என்றுதான் பாராட்டுவோம். அக்காவும் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் மாமா கூப்பிட்டார். உறை தையல் வரியோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நூல் அறவில்லை, தோல்தான் கிழிந்திருந்தது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் ஒவ்வொரு துளையும் ஒரு வெட்டு. அத்தனை வெட்டுகளை நான் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தேன்.

“என்ன மச்சான், பஸ் டிக்கெட்டு மாதிரி கிழிச்சிக் குடுத்திருக்கற?” என்று இரண்டு துண்டுகளையும் தூக்கிக் காட்டினார் மாமா. சிரித்தார், ஆனால் காலை அவசரமாக மடக்கிப் பார்த்தார். தழும்பு சிவந்திருந்தது, ஆனால் புண்ணாகவில்லை. “நாளைக்கு முதலாளிக்குப் பதில் சொல்லணும்” என்றார்.

அன்று சாயங்காலமே இரண்டாவதைத் தைத்தேன், முள்கரண்டியை வைத்து. துளைகள் தள்ளித்தள்ளி விழுந்தன. தழும்புக்கு மேல் தையல் வராமலிருக்க வரியை இன்னும் மேலே ஏற்றியதில் ஒரு பக்கம் உயர்ந்து, உறை கோணலாயிற்று. வளைவில் ஒரு தையல் மற்றதைவிட நீளம். மாமா அதைக் கட்டிக்கொண்டு குழிக்குள் காலை இறக்கி, மிதிகட்டையை மெதுவாக இறக்கி ஏற்றினார். பிறகு ஊடை விட்டார். முதலாளிக்கு, நானே முடித்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நேராக இன்னொன்று தைத்துத் தருகிறேன் என்று உறையைக் கேட்டேன்.

“அதுல கைய வெக்காதப்பா. கால் இப்பதான் கட்டையோட பேச ஆரம்பிச்சிருக்குது.”

முடிந்த சேலையை எடுத்துப் போக முதலாளியே வந்தார். நானும் இருந்தேன். அவர் சேலையைப் பாயில் விரித்து, முந்தானையிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். பாதியில் கை நின்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எனக்கும் தெரிந்தது: குறுக்கே ஒரு மெல்லிய கோடு. அதற்கு அப்பால், உறையோடு நெய்த பக்கம், நெசவு ஒரு சாயல் தளர்வு.

“இதுவரைக்கும் யாருபா நெய்ஞ்சது?”

“நான்தான்” என்றார் மாமா.

“இதுக்கு அப்பால?”

“அப்பாலயும் நான்தான்.”

முதலாளி மாமாவின் காலைப் பார்த்தார். அக்கா காபித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கோட்டை இன்னொரு முறை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கொசுவத்துல மறஞ்சி போயிடும்” என்று சொல்லிவிட்டு, சேலையை மடிக்க ஒரு முனையை மாமாவிடம் நீட்டினார்.