கடைசி ஆளாக ஆடிய கை

மனைவி இறந்து சில மாதங்கள் கழித்து, அவளுடைய தம்பி என்னை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சீட்டாடக் கூப்பிட ஆரம்பித்தான். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பது அவன் எண்ணம். திருக்கோகர்ணத்தில் அவன் வீட்டு மாடி அறை. அவன், அவனோடு கல்லூரியில் படித்த இரண்டு நண்பர்கள், நான். ஆட்டம் போக்கர். காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி கையில் இருக்கும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டை நடுவில் திறந்து வைப்போம். கையில் இருப்பது அதோடு சேருகிறதா என்று பார்த்து, வரிசைப்படி கொட்டை வைக்கலாம், அல்லது எதுவும் வைக்காமல் பாஸ் சொல்லலாம். ஒருவர் வைத்துவிட்டால் மற்றவர்களும் வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு வசதி. மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அன்று கடைசி ஆள் நான். நடுவில் ராஜா, ஏழு, இரண்டு. என் கையில் ஒன்பதும் ஐந்தும், எதோடும் சேரவில்லை. மூன்று பேரும் பாஸ் சொன்னார்கள். யாரிடமும் பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்தது. என் குவியலில் பாதியை நடுவில் தள்ளினேன். பெரிய சீட்டு இருப்பதுபோல் இப்படி ஏமாற்றும்போது நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நண்பர்கள் இருவரும் சீட்டைப் போட்டார்கள். மைத்துனன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா வச்சிருக்கீங்க மச்சான்," என்று சொல்லி அவனும் போட்டான்.

எல்லோரும் விலகிவிட்டதால் நடுவில் இருந்த கொட்டை எனக்குத்தான், சீட்டைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் என் சீட்டைத் திருப்பி வைத்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஏழு ஜோடி சேந்திருந்துச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் போட்டேன். அன்னைக்கும் இதே மூஞ்சிதான். அக்கா நடுவீட்டுல கெடக்குது, நீங்க பந்தல்ல ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"யாரோ கையில குடுத்தாங்க மாப்ள. குடிச்சேன். சூடா இருந்துச்சான்னுகூடத் தெரியல," என்றேன்.

அவன் சீட்டுகளை அள்ளிக் கட்டாக அடுக்கினான். அதோடு கலைந்தோம். டவுன் பஸ்ஸில் வீடு வந்தேன். அவன் பேசியது வலித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வலிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா சேலையெல்லாம் அப்பிடியே இருக்கா?"

"இருக்கு."

பீரோவைத் திறந்துவிட்டேன். முதல் சம்பளத்தில் அவன் வாங்கித் தந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டான். சட்டை நனைவது மட்டும் தெரிந்தது.

"வேணும்னா கொண்டு போ மாப்ள."

"இங்கிட்டே இருக்கட்டும் மச்சான்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையை மடித்து வைத்தான்.