அலுமாரிக்குள் பூட்டிய தொலைநோக்கி

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வில்லரே பகுதி வீட்டில் அம்மாவும் நானும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். விண்வெளிக்குப் போய்வந்த பெண்ணுக்கு ஓர் அரசர் தங்கப்பிடி வாளொன்றை வெல்வெட் பெட்டியில் வைத்துப் பரிசளித்தார். அந்தப் பெட்டி 'டக்'கென்று மூடிய சத்தத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில், பத்து வயதில், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் எனக்கும் அப்படியொரு பெட்டி கிடைத்தது. உள்ளே சின்னத் தொலைநோக்கி. அம்மா அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டி, அதன் திறப்புச் சாவியைக் கைப்பைக்குள் போட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் கேட்டால், "உடைச்சுப்போடுவாய், பேந்து பாக்கலாம்" என்பார். ஒருநாள்கூட அதில் நிலவைப் பார்க்கவில்லை. ஷெல் விழுந்த அன்று அலுமாரியைப் பூட்டியபடியே விட்டுவிட்டு ஓடினோம்.

"அந்தப் பிள்ளை வாளைக் கவனமாப் பூட்டி வைக்கோணும்" என்றார் அம்மா.

"பூட்டி வைச்சு என்னத்தைக் கண்டனாங்கள்?" என்று கத்திவிட்டேன்.

அம்மா கைப்பையைத் துழாவினார்.

"இந்தா, திறப்பு கவனமாத்தானே கிடக்கு."