சுடர் அசையாத சொல்

அமெரிக்காவில், இர்விங் ஊர் அபார்ட்மென்டில் எங்கள் சாமி அறை ஒரு க்ளாசெட்தான். மேலே சேலைகள் தொங்கும்; கீழே முருகன் படம், பித்தளைக் குத்துவிளக்கு. சேலைகள் வெளியே இருந்து வரும் சத்தத்தை அடக்கிவிடும் என்று, மொழி ஆராய்ச்சி படிக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி ரெக்கார்டரோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். பேச வந்தவள் எங்கள் மாடிவீட்டுக்காரி, பர்மா மலைப்பக்கத்தவள். அவள் பாஷையை அதுவரை யாரும் சரியாக எழுதிவைக்கவில்லையாம்.

"ஒரே வார்த்தைதான் ஆன்ட்டி. மூச்சு விட்டுச் சொன்னா ஒரு அர்த்தம், தொண்டைய இறுக்கிச் சொன்னா வேற அர்த்தம்," என்றாள் மாணவி.

மாடிவீட்டுக்காரி சொல்லிக் காட்டினாள். முதல் குரலுக்கு விளக்குச் சுடர் சாய்ந்தது. இரண்டாவதுக்கு அசையவே இல்லை.

தொண்டை அதிர்வை அளக்க, தகடு வைத்த பட்டை ஒன்றைக் கழுத்தில் கட்டவேண்டும். அது பட்டதும் அவள் துடித்துப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காலர் விலகியது. கழுத்தில் விரல் தடங்கள், நீலமாக. மாணவி பட்டையைச் சுருட்டப் போனாள். அவளோ அதைப் பிடுங்கித் தானே கட்டிக்கொண்டாள்.

அவள் வெளியாரிடம் வாய் திறக்கக்கூடாது என்பது அவள் புருஷன் போட்ட சட்டம். குரல் கேட்டு மாடியிலிருந்து இறங்கிவந்தவன் கதவை உதைத்துத் திறந்து, பூட்ஸ் காலோடு சாமி முன்னால் வந்து நின்றான். மாணவியைத் தள்ளினான், அவள் நெற்றி கதவு நிலையில் மோதிப் பிளந்தது. ரெக்கார்டரைச் சுவரில் அடித்தான். பிறகு அந்தப் பட்டையையே பிடித்து முறுக்கினான். மாடிவீட்டுக்காரிக்கு முகம் கறுத்து, கண் பிதுங்கிற்று. இரண்டு குரலும் போய் வெறும் சீறல்தான் வந்தது.

எரிகிற விளக்கைத் தூக்கி அவன் காதோரம் அடித்தேன். எண்ணெய் சிந்தி என் கையும் வெந்தது. மறுபடி அடித்தேன். விழுந்தான். போலீஸ் வரும்வரை, முருகா முருகா என்றபடி விளக்கை ஓங்கியே நின்றேன்.

மாலையில் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ரத்தம் பட்ட விளக்கு. இதையா திரும்ப ஏத்தப்போற?"

"புளி போட்டுத் தேச்சாச்சுங்க. அவ தொண்டை தேறணும்ல."

கட்டுப்போட்ட கையாலேயே தினமும் ஏற்றினேன். பெண்கள் காப்பகத்திலிருந்து மாணவி மாடிவீட்டுக்காரியை அழைத்துவந்தபோது பனிக்காலம் வந்துவிட்டது. மாடிவீட்டுக்காரி விளக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் காற்றாகவே வந்தது. சுடர் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. "போதும்க்கா," என்று மாணவி கெஞ்சினாள். அவள் தலையாட்டி மறுத்தாள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, தொண்டையை இறுக்கி இன்னொரு தரம் சொன்னாள்.

சுடர் அசையாமல் நின்றது.