தராசக்காவின் மயில்கழுத்துப் பச்சை

என் அக்கா யாரையும் நம்ப மாட்டாள். கூடப் பிறந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவள் பட்டறையில் நான் மண் பிசைந்து, ஓடு வெட்டி இருபது வருஷமாகிறது. ஓட்டுக்கு நிறமும் பளபளப்பும் தரும் கிளேஸைக் கலக்கும் அறையின் சாவியை இன்னும் நான் தொட்டதில்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் பொடிகளை நிறுப்பாள். வேலை முடிந்ததும் தராசைத் துணியில் சுற்றி, இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தெருவில் அவளுக்குத் தராசக்கா என்றே பெயர்.

சும்மா வந்த சந்தேகமில்லை. சின்ன வயதில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பெண்கள் தட்டில் பூ வரைவார்கள்; தட்டின் அடியில் முதலாளியின் முத்திரை விழும். மதிய இடைவேளைகளில் எதையெதையோ கலந்து அக்கா ஒரு நீலத்தைக் கண்டுபிடித்தாள். சந்தோஷத்தில் அளவுகளை எழுதி மேலாளரிடம் நீட்டினாள். அடுத்த வருஷம் அந்த நீலத்துக்குப் பரிசு கிடைத்தது, மேலாளருக்கு. கூட்டத்தோடு கூட்டமாக அக்காவும் கைதட்டிவிட்டு வந்தாள். அன்றோடு வேலையை விட்டாள். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு அளவிலும் வேண்டுமென்றே ஒரு வரி பொய் எழுதினாள். உண்மை மண்டைக்குள் இருக்கும். "திருடுறவன் திருடட்டும், அவன் சட்டியெல்லாம் சாணி கலர்ல வரட்டும்" என்பாள்.

அவளுடைய மயில்கழுத்துப் பச்சையும் அப்படித்தான் குறிப்பேட்டில் ஏறியது. அதன்மேல் கண் வைத்திருப்பவள் சூளைக்காரிதான் என்பது அவள் முடிவு. பன்னிரண்டு வருஷமாக எங்கள் சூளையை அடுக்கி, சூடேற்றி, இறக்குகிறவள். அதிகம் பேச மாட்டாள். அது போதாதா அக்காவுக்கு? "வாயத் திறக்கலன்னா எதையோ உன்னிப்பா கேட்டுட்டு இருக்கான்னு அர்த்தம்டி." சூளைக்கும் கிளேஸ் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தச் சுவரோரம் கிடக்கும் சூளைக்காரியின் முக்காலியை அக்கா எதிர்மூலைக்குத் தள்ளி வைப்பாள். மறுநாள் அது பழைய இடத்துக்கே வந்திருக்கும். எனக்கும் அது உறுத்தியது, மறைப்பானேன்.

இந்த வருஷம் ஒரு மருத்துவமனைச் சுவருக்கு அறுநூறு ஓடு கேட்டார்கள். முழுக்க அந்தப் பச்சை. மூலையில் செய்தவர் பெயரோடு ஓர் ஓடு. கடிதத்தில் அந்த வரியை மட்டும் அக்கா நாலு தரம் படித்தாள். கீழ்ப்பாதி பதித்து முடிந்த சமயம், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. பதினோரு நாள் படுக்கை. எழுந்து வந்து குறிப்பேட்டைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வரிகளில் எது பொய் என்று அவளுக்கே நினைவில்லை.

ஒவ்வொரு வரியாக மாற்றி மாற்றிச் சோதனைத் துண்டுகள் போட்டோம். எலி நிறம் வந்தது, துரு நிறம் வந்தது, பச்சை மட்டும் வரவில்லை. நிறம் சேராவிட்டால் பதித்ததையும் பெயர்த்துவிடுவோம் என்று கட்டட மேற்பார்வையாளர் எட்டு நாள் கெடு வைத்தார். அக்கா அழுதாள். அழுகைக்கு நடுவிலும், "எவளோ நோட்ட மாத்திட்டா" என்று என்னைப் பார்த்தாள். அடிபட்ட மண்டையாயிற்றே என்று பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சூளைக்காரி உள்ளே வந்தாள். திறந்து கிடந்த குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள்.

"தாமிரம் தப்புக்கா. சின்ன எடைக்கல்லு ஒண்ணு இல்ல, மூணு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தாமிர டப்பா மூடி மட்டும் கிறீச்சுன்னு கத்தும். அதுக்கப்புறம் தராசுல மூணு தரம் டங்குன்னு சத்தம் வரும். பன்னண்டு வருஷமா கேக்குறேன்."

"பாத்தியாடி! நான் சொன்னேன்ல!" அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணீரோடு அந்த முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. "திருடி! எத்தன பேருக்கு வித்த?"

"விக்கல. ஒரே ஒரு கிண்ணம் செஞ்சு பாத்தேன். எம் பொண்ணு அதுல பல்லு வெளக்குற பிரஷ் போட்டு வெச்சிருக்கா." சூளைக்காரி நகரவில்லை. "நோட்டுல இல்லாதது இன்னொண்ணு இருக்குக்கா. சூளைய எப்பத் தணிக்கணும், எவ்வளவு நேரம் புகையில விடணும்னு. அது எங்கிட்டதான் இருக்கு. அது இல்லாம மூணு கல்லு போட்டாலும் உங்களுக்குத் துருதான் வரும். எம் பேரும் அந்த ஓட்டுல வரணும்."

"இதுக்குத்தான் இத்தன வருஷம் காத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

அக்கா எழுந்து தராசை எடுத்தாள். மூன்று கல் வைத்து நிறுத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கதவைத் தாழிடவில்லை. சூளை ஆறும் வரை சூளைக்காரியை ஒரு நிமிஷம்கூடக் கண்ணைவிட்டு விலக்கவில்லை. ஏதாவது குட்டையைக் குழப்பிவிடுவாளோ என்று பயம்.

துண்டு வெளியே வந்தது. சாய்த்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை.

அக்கா பெயர் ஓட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் பெயரைத் தூரிகையால் எழுதினாள். கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள். மிச்ச இடத்தைப் பார்த்தாள். தூரிகையை மறுபடி தோய்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. ஏதோ மறந்துவிட்டாளோ என்று நான் பதறினேன்.

"ஏய்... உம் பேரு என்ன?"

சூளைக்காரி சொன்னாள். அந்தப் பெயரை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.