மருந்து உறையில் எழுதிய பெயர்

அந்தப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். அதற்காக அடி வாங்கியது என் கணவர். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் உள்துறைமுகத்துக்குப் பின்புறமிருந்த குறுகிய ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். அவர் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அந்தப் பக்கம் போய்வர, படையினரிடம் மாதாமாதம் புதுப்பிக்கிற பாஸ் வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பாஸால்தான். ஆகவே அவர் தெருவில் யாரோடும் நின்று கதைக்க மாட்டார். போனால் வேலை, வந்தால் வீடு.

ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வந்த காலம் அது. போகிறவர்கள் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். மழைக்கு ஓடு பெயர்ந்தால் பார்க்க வேண்டும், கிணற்றடியில் பற்றை வளர்ந்தால் வெட்டுவிக்க வேண்டும். அலுமாரிக்குள் ஐந்து வீட்டுச் சாவி கிடந்தது. ஆறாவதாகப் புறப்பட்டவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரீச்சர். அவர் சாவியைத் தரவில்லை, வீட்டை விற்றுவிட்டார். பூனையைத் தந்தார்.

“கொழும்புக்கு இதைக் கொண்டுபோக ஏலாது. மருமகனுக்குப் பூனை மயிர் ஒத்துவராது. இன்னும் எத்தினை நாளைக்கு இருக்கப்போகுது? ஒரு ஆறு மாசம் பாரும் பிள்ளை.”

பன்னிரண்டு வயது ஆண்பூனை, கடுவன். ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. பல் பாதிக்கு மேல் இல்லை. வாயோரம் எப்போதும் எச்சில் வழியும். மூச்சு இழுத்து இழுத்து வரும். இடுப்பில் பழைய சண்டைக் காயமொன்று, பத்து நாள் மூடிப் பிறகு தானே திறந்துகொள்ளும். அந்த மணத்தைச் சொல்லத் தேவையில்லை. கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை, ஒழுங்கையில் கதைக்கவும் ஆளில்லை. உயிருள்ள ஒன்றை என்னை நம்பித் தருகிறார்களே என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிக்கொண்டேன்.

“மனிசருக்கே மருந்தில்லாத காலத்தில உமக்கு நோயாளிப் பூனையோ?” என்றார் என் கணவர்.

அப்படிச் சொன்னவரின் காலடியை அது ஒரு கிழமைக்குள் பிடித்துக்கொண்டது. நான் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவர் சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, விரலால் மசித்து வைத்தால் ஒரு பருக்கை மிஞ்சாது. மீனும் கண்டபடி கிடைக்காது. கடலுக்குப் போகத் தடை போட்டால் பத்து நாளைக்குச் சந்தையில் செதில்கூட இருக்காது. மீன் இல்லாத நாட்களில் அவர் முகம் பூனையின் முகத்தைப் போலத் தொங்கிவிடும். முன்பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்து ‘ச்ச், ச்ச், ச்ச்’ என்று மூன்று தரம் கூப்பிடுவார். எந்த மூலையில் கிடந்தாலும் இழுத்திழுத்து மூச்சுவிட்டுக்கொண்டு வந்து சேரும். அதே சத்தத்தை நான் எழுப்பினால் காதுகூட அசையாது.

“உங்களுக்கு இனிச் சின்னவீடு தேவையில்லை, இதே காணும்” என்று சீண்டுவேன்.

“அது கடுவன்” என்பார், சிரிக்காமல்.

மாரி தொடங்கியதும் காயம் மோசமாயிற்று. சுற்றியிருந்த மயிர் கொட்டி, உள்ளே சிவப்பு தெரிந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் லீவு கேட்கப் பயம். லீவு கேட்டால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் பாஸைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் அரை நாள் லீவு எடுத்து, பூனையைப் பன்பைக்குள் வைத்து மாட்டு டொக்டரிடம் கொண்டுபோனேன். ஆடுகளுக்கும் கன்றுகளுக்கும் நடுவில் என் முறை வரும்வரை குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

“என்ரை சேர்விசில பூனையைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்” என்றார் டொக்டர். திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டுப் புண்ணை அழுத்திப் பார்த்தார். “என்னட்ட இதுக்கு மருந்தில்லை. மனிசருக்குக் குடுக்கிற குளிசைதான். நாலாகப் பிரிச்சு ஒரு பங்கு குடுங்கோ. ஏழு நாள், ஒரு நாளும் விடப்படாது. புண்ணைக் கழுவிக் கோஸ் துணி வைச்சுக் கட்டுங்கோ.” ஒரு துண்டில் எழுதித் தந்தார். யாருக்கு என்று அதில் இல்லை.

பூனையை வீட்டில் விட்டுவிட்டுப் பாமசிக்குப் போனேன். எனக்குப் பின்னால் காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றாள். பாமசிக்காரர் குளிசைகளை எண்ணிச் சின்ன மண்ணிறக் கடதாசி உறைக்குள் போட்டார். உறையின் மேல் நோயாளியின் பெயரும், எத்தனை வேளை என்பதும் எழுதித்தான் தருவார். அது எல்லாப் பாமசியிலும் உள்ள வழக்கம்.

“பேர்?”

தோளில் கிடந்த குழந்தை இருமியது. பூனைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பேரில்லாமல் தர ஏலாது தங்கச்சி. நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்.”

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. கூப்பன் அட்டை, மின்சாரப் பட்டியல், படையினருக்குக் கொடுக்கும் வீட்டுப் பட்டியல், எந்தக் கடதாசிக்குப் பெயர் கேட்டாலும் கணவரின் பெயரைச் சொல்லிப் பழகிப்போன வாய். வீட்டில் அவரை ‘இஞ்சேருங்கோ’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டறியாதவள், அன்று பாமசியில் அவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதுவித்தேன்.

ஒழுங்கை தொடங்குமிடத்தில் காவலரண். வழக்கமாக என்னைக் கண்டால் கையசைத்து விட்டுவிடுவார்கள். அன்று நின்ற சிப்பாய் புதியவன். பையைத் திறக்கச் சொன்னான். கோஸ் துணி, பஞ்சு, புண் கழுவும் மருந்துப் போத்தல், குளிசை உறை. உறையை எடுத்துப் பெயரைப் படித்தான்.

“இது யாரு?”

“ஹஸ்பண்ட்.”

“என்ன காயம்?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டவர்கள் பலர். உறையில் ஓர் ஆம்பிளையின் பெயர் இருக்கிறது. பையில் காயத்துக்கு மருந்து இருக்கிறது. இப்போது பூனை என்றால் யார் நம்புவார்? “காலில. ஆணி குத்தினது” என்றேன். அவன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு என்னோடு நடக்கத் தொடங்கினான். அவர் இன்னும் வேலையால் வந்திருக்கக் கூடாது என்று வழி முழுக்க நேர்ந்துகொண்டு போனேன்.

வந்துவிட்டார். கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் பூனை. சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பூனை மதிலேறி மறைந்தது.

“கால் காட்டு.”

ஈரக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

“காயம் எங்க?”

“எனக்கு ஒண்டுமில்லையே” என்றுவிட்டு என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தப் பார்வையிலிருந்தே நான் பொய் சொன்னது அவர்களுக்கு விளங்கிவிட்டது. சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், சாரத்தை உயர்த்தச் சொன்னார்கள், என் கண் முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படியானால் மருந்து யாருக்கு, சண்டையில் காயம்பட்ட யாரை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேள்வி மாறியது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள். ஐந்து வீட்டுச் சாவிகளும் நிலத்தில் விழுந்தன.

“பூனைக்குச் சேர். மருந்து பூனைக்கு” என்று கத்தினேன்.

பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, அடித்தது என்னையல்ல, அவரை. துவக்குப் பிடியால், வாயில்.

“பூனை எங்க? கூப்பிடு.”

இரத்தத்தைத் துப்பிவிட்டு அவர் மூன்று தரம் கூப்பிட முயன்றார். பூனை வரவில்லை. எந்தப் பூனைதான் வரும்? ட்ரக் ஒன்றை வரவழைத்து அவரையும் சாவிகளையும் மருந்தையும் கொண்டுபோனார்கள். ட்ரக் ஒழுங்கையைக் கடந்து கொஞ்ச நேரத்தில் அது மதிலிலிருந்து இறங்கி, அவருடைய செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. அதை அடித்துக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

கொல்லவில்லை. விடிந்ததும் பன்பைக்குள் வைத்து முகாம் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூடக் கடிதம். என் கையில் பூனை. முதல் நாள் முழுக்க யாரும் கூப்பிடவில்லை. பைக்குள் அது மூச்சுக்கு அவதிப்பட்டது. தண்ணீரில் விரலை நனைத்து அதன் வாயில் வைத்தேன். என் விரலை அது நக்கியது அதுதான் முதல் தடவை.

கிளிவெட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் நின்றார். பிளாஸ்ரிக் உறைக்குள் மகனின் படத்தை வைத்திருந்தார். நான்கு மாதமாக வருகிறாராம். பைக்குள் என்ன என்று கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“உங்களிட்டக் காட்ட ஒரு பூனையெண்டாலும் இருக்கு தங்கச்சி” என்றார். “நான் எதைக் காட்டுறது?”

இரண்டாம் நாள் மத்தியானம் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வெளியே வந்தான். பையைத் திறந்து காட்டினேன். மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மறுபடி குனிந்து புண்ணைப் பார்த்தான். “இதுக்கா?” என்று கேட்டுச் சிரித்தான். உள்ளேயிருந்து இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவர் வெளியே வரவேண்டுமே. எனக்குப் பின்னால் அந்த அம்மா படத்தோடு நிற்பது தெரிந்தும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் என்னை மன்னித்ததில்லை.

மூன்றாம் நாள் விட்டார்கள். ஐந்து வீடுகளையும் திறந்து பார்த்து, ஒருவருமில்லை என்று கண்டிருக்கிறார்கள். சாவிகளைத் திருப்பித் தந்தார்கள். பாஸைத் தரவில்லை, மருந்தையும் தரவில்லை. அவருக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. உள்ளே நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. “ஏன் என்ரை பேரைச் சொன்னனீர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதையும் கேட்கவில்லை.

கதிரையில் இருந்து நாக்கை மேலே வைத்துக் கூப்பிட்டார். வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். பூனை குசினி வாசலில் இருந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதைத் தூக்கி மடியில் வைத்துப் புண்ணைப் பார்த்தார். இரண்டு நாள் பைக்குள் கிடந்ததில் அது இன்னும் பெரிதாகியிருந்தது.

“மருந்து குடுத்தனீரோ?” என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்று தலையசைத்தேன். அவர் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மறுபடி அந்தப் பாமசிக்கும் அந்தக் காவலரணுக்கும் என்னை அனுப்ப அவர் வாய் திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தானே போவார் என்பதும் தெரியும்.

அடுத்த நாள் காலை அவர் எழும்புவதற்கு முதல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இடது முழங்கைக்குக் கீழே பழந்துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பாமசிக்குப் போனேன்.

“பேர்?” என்றார் பாமசிக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். நடந்தது ஊருக்கே தெரிந்திருந்தது.

என் பெயரைச் சொன்னேன்.

காவலரணில் நின்றது அதே சிப்பாய்தான். உறையை எடுத்துப் படித்தான். என்னைப் பார்த்தான்.

“காயம் எங்க?”

துணியை அவிழ்த்துக் காட்டினேன். துணியைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னான்.

வீட்டில் அவர் பூனைக்குக் காற்பங்கு குளிசையை மீன் இல்லாத வெறுஞ்சோற்றில் பொதிந்து கொடுத்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு மிச்சக் கோஸ் துணியை எடுத்து என் கையைப் பிடித்தார்.

“என்னெண்டு வெட்டினது?”

“மீன் வெட்டேக்க கத்தி பட்டிட்டுது” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் கட்டி முடித்தார். எங்கள் வீட்டில் மீன் வாங்கி ஒன்பது நாளாகியிருந்தது.